மேல்மலை நூலேறியது, கீழ்மலை தோட்டத்தில் தங்கியது: பழனி மலையில் பூவும் பூச்சியும் பதிவான வரலாறு

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் கிளை. அதன் பரப்பு ஏறத்தாழ 2,068 சதுர கிலோமீட்டர். மலையில் வாழ்பவர்கள் அதை மேல்மலை, கீழ்மலை என்று இரண்டாகச் சொல்வார்கள். கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் ஆகியவை 2,000 மீட்டரை ஒட்டி அமைந்த மேல்மலை ஊர்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர் முதலியவை கீழ்மலையைச் சேர்ந்தவை. கீழ்மலையின் பெரும்பகுதி 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும். மேல்மலைக்கு உரியவை சோலைக்காடும் புல்வெளியும். கீழ்மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும் நிழல்மரங்களின் அடியில் விளைகின்றன.

இரண்டு பகுதிகளிலும் பருவத்துக்குப் பருவம் பூக்கும் செடிகளும் அவற்றை நாடிவரும் பூச்சிகளும் வேறுவேறு. அவற்றைப் பார்த்து எழுதிவைத்த வரலாறு ஏறத்தாழ 200 ஆண்டு நீளமுடையது. அந்தப் பதிவு இரு பகுதிக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. கோடை வாசஸ்தலமும் கல்லூரியும் வானாய்வகமும் மேல்மலையில் இருந்ததால் அங்குள்ள பூக்கள் நூலேறின. கீழ்மலையில் பூவையும் பூச்சியையும் கவனித்தவர்கள் விவசாயிகள். அவர்களுடைய கவனிப்பு பெரும்பாலும் தோட்ட வேலையின் பகுதியாகவே தங்கிவிட்டது.

முதல் பதிவுகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி பி.எஸ். வார்டு 1821இல் இந்த மலையை அளந்தார். அவருடைய வேலை ஊர், பாதை, நிலம் பற்றியது. தாவரங்களைத் தேடி வந்த முதல் முக்கியமான ஆள் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்தில் பிறந்து கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்த இவர் 1836இல் பழனி மலைக்கு வந்து செடிகளைத் திரட்டினார். மறு ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில், வராககிரி என்னும் பழம்பெயரையும் சேர்த்துச் சுட்டி, மலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

வைட்டின் பெரிய நூலான 'ஐக்கோனஸ் பிளாண்டாரும் இண்டியே ஓரியண்டாலிஸ்' 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் 2,101 படங்கள் உள்ளன. செடியை எதிரில் வைத்து அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்தியச் சித்திரக்காரர்கள். தொடக்கத்தில் ரங்கையாவும் பிறகு கோவிந்துவும் வரைந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் முழுக்கிளை ஒருபுறம் இருக்கும். பூவைப் பிரித்து இதழ், மகரந்தத்தாள், சூலகம், விதை எல்லாவற்றையும் பெரிதாக்கி மறுபுறம் காட்டியிருப்பார்கள். இந்த இருவரின் பங்கும் பரவலாகத் தெரியவர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டம் அவர்களைப் பற்றி நூல் வெளியிட்டது.

1845இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஏப்ரல் முதல் ஜூன் வரை மலையில் தங்குவது வழக்கமானது. மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை உருவாக்கினார். அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் பறவைகளைச் சேகரித்தார். அவர் அனுப்பிய சிரிப்பான் குருவி ஒன்றுக்கு 1869இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

அந்நாளில் மேலே செல்பவர்கள் பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் செண்பகனூர் வழியாக ஏறினார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது 1910களில்தான். பண்ணைக்காட்டுக்கு அந்தச் சாலையிலிருந்தும் ஊத்து என்ற இடத்தில் கிளை பிரிந்து போக வேண்டும். கோடை வாசியின் பாதை முந்தைய காலத்திலும் பிந்தைய காலத்திலும் கீழ்மலையை ஒதுக்கியே சென்றது. சேகரிப்பாளர்களும் அதே பாதையில்தான் வந்தார்கள்.

செண்பகனூர்ப் பாதிரிமார்கள்

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே உள்ள செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். குருக்களாகப் பயிற்சி பெறுபவர்களுக்கான இல்லம் அது. கோடையில் மட்டும் வந்துபோகும் விருந்தாளிகளைப் போலன்றி இவர்கள் ஆண்டு முழுவதும் மலையிலேயே இருந்தார்கள். ஜூன் மழையில் முளைக்கும் தரை ஆர்க்கிட்டும் நவம்பர் ஈரத்தில் படரும் பாசியும் இவர்களுடைய கண்ணில் பட அதுவே காரணம்.

ஆர்க்கிட் செடிகளைத் தேடி வளர்த்தவர் எமில் கோம்பேர். மலையின் பாசிகளைப் பட்டியலிட்டவர் ஃபோரோ. அவர் 1959இல் காலமானார். அவருடைய பழனி மலைப் பாசிகள் பற்றிய ஆய்வு 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியானது. லூயி ஆங்லாத் மலைச்செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். அவர் விட்டுச்சென்ற படங்கள் ஏறத்தாழ 2,000. செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பூச்சிப் பெட்டிகளும் பாடம்செய்த விலங்குகளும் ஆர்க்கிட் கூடமும் ஒன்றுசேர்ந்தன.

பூச்சி வரலாற்றில் காஸ்தே என்ற இயேசு சபைப் பாதிரியாருக்குத் தனி இடம் உண்டு. அவர் சேகரித்த உயிரினங்கள் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களுக்குச் சென்றன. ரென் நகரத்து வண்ணத்துப்பூச்சி வல்லுநர் சார்லஸ் ஓபெர்த்தூர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் சிதறிய ஒரு வண்ணத்துப்பூச்சியை விவரித்து அதற்கு 'ஆர்ஜின்னிஸ் காஸ்தெட்சி' என்று பெயரிட்டார். மலையுச்சிகளில் மட்டும் பறக்கும் இந்த வகையின் புழுக்கள் காட்டு வயலட் செடியின் இலையைத் தின்று வளர்கின்றன. வயலட் செடி இல்லாத இடத்தில் இந்த வண்ணத்துப்பூச்சியைத் தேடிப் பயனில்லை. பழனியின் பெயரைத் தாங்கிய வண்ணத்துப்பூச்சிகள் வேறும் உண்டு. புதர் நிழலில் தாழப் பறக்கும் பழுப்பு வகை ஒன்று, சிறகில் வளையப் புள்ளிகள் கொண்ட புல்வெளி வகை ஒன்று, குட்டையான உடலோடு அம்பு வேகத்தில் பாயும் வகை ஒன்று.

பாதிரிமார்களின் பூச்சி ஆர்வம் அருங்காட்சியகத்தோடு நிற்கவில்லை. நியூட்டன் என்ற பாதிரியார் 1910க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், பொந்தில் கூடு கட்டும் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்குத் தகுந்த மரப்பெட்டியை வடிவமைத்து, தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சி அளித்தார். ஐரோப்பியத் தேனீக்கு அமைத்த பெட்டியின் சட்டங்கள் நம் தேனீக்கு மிகப் பெரியவை. நியூட்டன் பெட்டியில் சட்டங்கள் சிறியவை. சட்டங்களுக்கு இடையில் உள்ள வெளியும் தேனீயின் அளவுக்கு ஏற்றது. நூறாண்டு கடந்தும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தப் பெட்டி புழக்கத்தில் இருக்கிறது.

வானாய்வகமும் பூங்காவும்

கொடைக்கானல் சூரிய வானாய்வகம் 1899இல் தொடங்கியது. 1907இல் அங்கே பணிக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அந்த விளைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1911 முதல் 1923 வரை அவரே வானாய்வகத்தின் இயக்குநர். பகலில் வானத்தையே பார்த்திருந்த இவருக்கு வண்ணத்துப்பூச்சிகளிலும் ஈடுபாடு இருந்தது. பழனி மலையில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இடம்பெயர்வதைக் குறித்து 1910இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். தென்னிந்திய வண்ணத்துப்பூச்சி வலசையைப் பற்றி எழுந்த பழைய குறிப்புகளில் அது ஒன்று. கருநீல வரியன், நீல வரியன், கருப்பன் முதலிய வகைகள் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிழக்கே உள்ள குன்றுகளுக்கும் சமவெளிக்கும் இடையே இடம்பெயர்வதை இப்போது ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் பதிவுசெய்கிறார்கள். வழியில் வாடிய கிலுகிலுப்பைச் செடியில் இவை கொத்துக்கொத்தாக அமர்ந்திருப்பதைக் காணலாம். ஆண்பூச்சிகள் அந்தச் செடியின் சாற்றில் உள்ள ஆல்கலாய்டை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணத்தை உருவாக்கப் பயன்படுத்துகின்றன.

1908இல் வனத்துறை அதிகாரி எச்.டி. பிரயண்ட் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தாவரப் பூங்காவை அமைத்தார். 20 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பிரயண்ட் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. ரோஜா, டாலியா, கிளாடியோலஸ் என்று அங்கே பூப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு வரவுகள். மேல்மலையின் காட்டுப்பூக்களில் பலவும் மழைக்குப் பிறகே, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையில், நிறைந்து பூக்கும். கண்காட்சி பார்க்க மே மாதம் வந்து திரும்புபவர்கள் மலையின் சொந்தப் பூக்காலத்தைக் காண்பதில்லை. பூங்காப் பூவில் தேன் குடிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் முட்டையிட நாட்டுச்செடிதான் வேண்டும். பூங்காவின் வேலிக்கு வெளியே சோலை ஓரமும் புல்மேடும் இருந்தவரை இரண்டும் அருகருகே கிடைத்தன.

6,500 அடிக் கோடு

உயிரியல் பேராசிரியராகச் சென்னையில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் போர்னும் அவர் மனைவியும் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கொடைக்கானலைச் சுற்றிச் செடிகளைச் சேகரித்து வரைந்தார்கள். மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பிலிப் ஃபைசன் அந்தச் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு, நீலகிரி, பழனி மலைச்சிகரங்களின் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதி நூலை 1915 முதல் 1920 வரை வெளியிட்டார். உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய மலைவாசஸ்தலங்களைச் சுற்றியுள்ள பூச்செடிகளை இனங்காணும் வகையில் கோட்டோவியங்களோடு அமைந்த நூல் அது. கோடைக்கு வந்து மாலைநடையில் ஒரு பூவைப் பறித்தவர் அதன் பெயரை அறிந்துகொள்ள முடிந்தது.

அந்த நூலுக்கு ஓர் எல்லை உண்டு. 6,500 அடிக்கு மேல் வளரும் செடிகளை மட்டுமே அது எடுத்துக்கொண்டது. ஒரே வகைச் சூழலை முழுமையாகக் காட்ட அந்த எல்லை உதவியது. ஆனால் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருப்பவை. மேல்மலைச் செடிக்குப் படத்துடன் கையேடு கிடைத்த பிறகும் கீழ்மலைச் செடிக்குச் சென்னை மாகாணம் முழுவதற்குமான பொதுவான தாவர நூலே கதியாக இருந்தது. ஜே.எஸ். கேம்பிள் தொடங்கிய அந்நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. அதில் படமில்லை. துறை அறிந்தவர்களுக்கே அது பயன்பட்டது.

பூச்சிகளிலும் இதே நிலைதான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காரைக்கால் குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசைநாதன், பூச்சி சேகரிப்பையே தொழிலாக நடத்தி, தென்னிந்திய மலைகளிலிருந்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பூச்சிகளை அனுப்பினார். ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சியின் அடியிலும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். ஊர், அடிக்கணக்கில் உயரம், மாதம், ஆண்டு, சேகரித்தவர் பெயர் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். கொடைக்கானல், 6,500 அடி என்று குறித்த அத்தகைய சீட்டுகள் உலகின் பல சேகரிப்புகளில் உள்ளன. குளவி, ஈ, வண்டு இனங்கள் பலவற்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

குறிஞ்சியின் 12 ஆண்டு

மேல்மலையில் அதிக காலம் இடைவிடாமல் பதிவானது குறிஞ்சி. 'ஸ்டிரோபிலாந்தஸ் குந்தியானா' எனப்படும் இந்தச் செடி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிகிறது. 1838 முதல் தொடர்ந்துவரும் பூப்பு ஆண்டுகள் பதிவில் உள்ளன. 20ஆம் நூற்றாண்டில் 1910, 1922, 1934, 1946, 1958, 1970, 1982, 1994 ஆகியவை பூத்த ஆண்டுகள். அதன்பின் 2006, 2018. மலையின் பளியர் பழங்குடியினர் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்டார்கள்.

ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் விதை உதிர்வதால் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் பறவைகளும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். நீண்ட இடைவெளிவிட்டுப் பூப்பதன் பயன் இதுவே என்று தாவரவியலார் விளக்குகிறார்கள். பூத்த ஆண்டில் சரிவெங்கும் இந்தியத் தேனீக்கள் மொய்க்கும். அந்தப் பருவத்துக் குறிஞ்சித் தேனுக்குத் தனி மதிப்பு உண்டு. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி 1936இல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் கொடைக்கானலில் உள்ளது. 1989இல் குறிஞ்சியைக் காக்க வேண்டி ஆர்வலர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடைப்பயணம் சென்றார்கள். 2006இல் அஞ்சல்துறை குறிஞ்சித் தபால்தலை வெளியிட்டது. அடுத்த பூப்பு 2030இல் வர வேண்டும்.

கீழ்மலையின் நாட்காட்டி

கீழ்மலையில் நூல் எழுதுவோர் இல்லாத காலத்திலும் பருவத்தைக் கவனிக்கும் தேவை அதிகமாகவே இருந்தது. அங்கே பூ என்றால் முதலில் காப்பிப் பூ. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் அதைப் பூமழை என்பார்கள். வறண்ட காலத்தில் முடங்கிக் கிடந்த மொட்டுகள் அந்த மழையால் விழித்து, எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒன்றாக வெடிக்கும். கணுவுக்குக் கணு வெள்ளைக்கொத்து, மல்லிகையை ஒத்த மணம், இரண்டு மூன்று நாளில் வாட்டம். அந்தச் சில நாள் முழுவதும் தேனீக்களின் இரைச்சல் கேட்கும். அராபிகா காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வந்த தோட்டத்தில் காய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பூமழை பொய்த்தாலும், பூத்த நாளில் அடைமழை பிடித்தாலும் அந்த ஆண்டு விளைச்சல் குறையும்.

காப்பிக்கு நிழல் தரும் கல்யாண முருங்கை இலை உதிர்த்து, வறண்ட மாதங்களில் சிவந்து பூப்பது பூமழைக்கு முந்திய அடையாளம். மழை தொடங்கியபின் வரப்போரத்தில் தும்பை பூக்கும். ஈரம் கசியும் கல்லிடுக்கில் காட்டுக் காசித்தும்பை முளைக்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வேலிகளில் செங்காந்தள் ஏறும்.

கவனிக்க வேண்டிய பூச்சிகளில் முதன்மையானது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இது வெளிவந்து பறக்கும். வெயில் படும் தண்டையே விரும்பும் பெண்வண்டு பட்டை வெடிப்பில் முட்டையிடும். பொரித்த புழு பல மாதம் தண்டுக்குள் குடைந்து வளரும். பட்டையில் மேடுகள் தெரிந்து, இலை மஞ்சளாகிச் செடி வாடும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே வண்டு பறக்கும் முன்பே செடி செடியாகத் தண்டைத் தடவிப் பார்த்து, பழுதானதைப் பிடுங்கி எரிப்பதும், முதிர்ந்த தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேய்த்து எடுப்பதும், நிழலைக் குறையாமல் காப்பதும் தோட்ட முறையாயின. தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சிக்கல்களைத் தமிழக மலைச் சூழலில் ஆராய்கிறது.

மலைவாழையில் பூச்சி செய்த கேடு இன்னும் பெரியது. வாழை இலைக்காம்பின் மடிப்பில் தங்கும் கருநிறச் செடிப்பேன், முடிக்கொத்து நோய்க்கான வைரஸைக் கன்றுக்குக் கன்று பரப்பும். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். குலை தள்ளாது. 1970களுக்குப் பிறகு இந்நோயால் கீழ்மலையின் விருப்பாச்சி வாழைப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்து அதை மீட்க முயன்றது. விருப்பாச்சி, சிறுமலை வாழைகள் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பெட்டித்தேனீ வளர்த்தவர்கள் பலர் தொழிலை விட்டார்கள். காலியான பெட்டிகளில் காட்டிலிருந்து பிடித்த கூட்டங்களை ஏற்றி மெல்ல மெல்லத்தான் வளர்ப்பு மீண்டது.

அடிவாரம் முதல் உச்சி வரை

இரண்டு அடுக்குகளையும் ஒரே நூலில் கொண்டுவந்தவர் கே.எம். மேத்யூ. இயேசு சபைப் பாதிரியாரான இவர், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேபினட் உலர்தாவரகத்தை வளர்த்தவர். இவருடைய தொடக்க ஆய்வே கொடைக்கானலில் வெளியிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றியது. அது 1969இல் வெளியானது. பிறகு தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களை 1980களில் பல தொகுதிகளாக வெளியிட்டுவிட்டு, பழனி மலைக்குத் திரும்பினார். 1996இல் பட நூலும் 1999இல் மூன்று தொகுதி விளக்க நூலும் வெளிவந்தன. மலையடிவாரத்து முட்புதர் முதல் உச்சிப் புல்வெளி வரை எல்லா உயரமும் அதில் அடங்கின. ஃபைசன் வகுத்த 6,500 அடி எல்லை இந்த நூலில் இல்லை. செண்பகனூரில் ஆங்லாத் பெயரால் இயற்கை வரலாற்று நிறுவனம் ஒன்றும் மேத்யூவின் முயற்சியால் அமைந்தது. 2004இல் அவர் காலமானார்.

இந்நூல்கள் வந்த காலத்துக்குள் மேல்மலையே மாறியிருந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வளர்த்த சீகை மரமும், தைலமரமும் பைனும் புல்வெளியை மூடின. புல்வெளியையே நம்பிய குறிஞ்சியும் வயலட்டும் சுருங்க, அவற்றைச் சார்ந்த பூச்சிகளும் இடமிழந்தன. 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றம், 2001இல் தொடங்கிய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை ஆகியவை சோலைமர நாற்றுகளை வளர்த்தன. அழிந்துவிட்டதாக எண்ணிய சில செடிகள் பாம்பார்ச் சோலைப் பகுதியின் தேடலில் மறுபடி கிடைத்தன. 2013இல் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமானது.

பூச்சிப் பதிவு 21ஆம் நூற்றாண்டில் சேகரிப்பிலிருந்து ஒளிப்படத்துக்கு மாறியது. ஊசியும் சீட்டும் செய்த வேலையை நாளும் இடமும் பதிந்த கைபேசிப் படம் செய்கிறது. தமிழ்நாடு வண்ணத்துப்பூச்சிக் கழகம் போன்ற அமைப்புகள் தமிழ்ப் பெயர்களைப் பரப்பின. 2019இல் தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சியானது. இதன் புழு மரவெட்டி மரத்தின் இலையைத் தின்று வளரும். 2020 முதல் செப்டம்பர் மாதத்தைப் பெரும் வண்ணத்துப்பூச்சி மாதமாக இந்திய ஆர்வலர்கள் கொண்டாடிக் கணக்கெடுக்கிறார்கள். மேல்மலையில் மழைக்குப் பின் பூக்கள் நிறையும் காலமும் அதுவே.

ஒளிப்படப் பதிவுக்கு வாசஸ்தலமோ கல்லூரியோ தேவையில்லை. ஆதலால் கீழ்மலைக்கும் இது பொருந்தும். நிழல்மரக் காப்பித் தோட்டம், ஓடைக்கரை, வேலிப்புதர், மிளகு ஏறிய பலா என்று பண்ணைக்காட்டுச் சரிவில் பூச்சிக்கு ஏற்ற இடங்கள் பல. தாவர வகைகளுக்கு மேத்யூவின் நூல் இருக்கிறது. பயிர்ப்பூச்சிகளுக்கு காப்பி வாரியத்தின் பதிவுகளும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகளும் உள்ளன. பூமழை எந்த நாளில் பெய்தது, தண்டுத் துளைப்பான் எந்த வாரத்தில் பறந்தது, கல்யாண முருங்கை எப்போது பூத்தது என்ற விவரங்கள் தோட்டக்காரர்களின் வேலைக்குறிப்புகளிலும் நினைவிலும் கிடக்கின்றன. குறிஞ்சி பூத்த ஆண்டுகளுக்கு 1838 முதல் பட்டியல் இருக்கையில், மலையில் பலருக்கும் பிழைப்புத் தரும் காப்பி பூத்த நாட்களுக்கு அப்படியொரு பொதுப் பட்டியல் தொகுக்கப்படவில்லை.